முதலாண்டு மாணவனும் பல்கலைக்கழக விடுதியும்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்ததும் தகப்பன்மார் பாடத்தைப் பற்றிக் கேட்பர். தாய்மார் தங்குமிடத்தைப் பற்றிக் கேட்பர். "பிள்ளை எங்கே படுக்கும்? ஆர் சமைத்துப் போடுவார்கள்? கூட இருக்கிறவர்கள் ஆர்?" என்னும் கேள்விகள் உவர்மலை தொடக்கம் நிலாவெளி வரை ஆண்டுதோறும் நம் வீடுகளில் ஒலிப்பவையே. பேராதனைக்குத் தெரிவாகும் தம்பிமார் முன்னர்ச் சென்று வந்தவர்களை நாடி, எந்த விடுதியைக் கேட்டு எழுதலாம் என்று ஆலோசிப்பதும் உண்டு. 'அருணாசலம் நம்மவருடைய விடுதி. அதைக் கேள்' என்று உடனே விடை பகர்வோரும் உளர். பெயரைப் பார்த்துப் பிறந்த எண்ணம் அது. விடுதியை ஒதுக்குபவர் பல்கலைக்கழக நிருவாகத்தினர். அவ்வொதுக்கீட்டில் மாணவனின் விருப்பத்துக்குள்ள இடம் மிகச் சிறிது. ஆயினும், புதிதாய் வரும் மாணவனை யாரோடு குடியிருத்துவது என்று முன்னோர் எவ்வாறு எண்ணினர், அவ்வெண்ணம் எவ்வெவ்விடங்களில் உடைந்தது என்பவற்றை அறிந்தால், தாய்மாரின் மூன்றாவது கேள்விக்கேனும் நாம் பொறுப்புடன் விடை கூறலாம்.

மாணவர் ஓரிடத்திலே தங்கி உண்டு கற்றல் மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமை என்று எண்ணுவது பிழை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊர்க் கல்வெட்டு, அவ்வூர்க் கோயிலைச் சார்ந்த கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்று கூறுகின்றது. மாணவருள் 270 பேர் இளையோர். 70 பேர் மூத்தோர். மூத்தோருக்கு நாள்தோறும் அளந்த நெல் இளையோருக்கு அளந்ததிலும் கூடியது. சிரேஷ்ட மாணவருக்குச் சலுகை கூடுதல் என்பது அன்றே தொடங்கிவிட்டது போலும்! வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு இன்னும் சுவையுடையது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள அப்பெருமாள் கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவசாலையும் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்துவந்தன. மாணவர் படுப்பதற்குப் பாய், இரவிலே விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நிபந்தம் விதித்திருக்கின்றார்கள். இக்காலத்து விடுதிகளில் எந்தக் காப்பாளர் நம் தலைக்கு எண்ணெய் உண்டோ என்று விசாரிக்கிறார்? எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்தப் பாயும் எண்ணெயும் வேதமும் வியாகரணமும் ஓதும் உரிமை பெற்றிருந்தோர்க்கே கிடைத்தன. நம்மிற் பலருடைய முன்னோர் அவ்விடுதி வாயிலிலே நின்றிருந்தால் அவர்களுக்குப் பாய் விரித்திருப்பார்களோ என்பது ஐயமே.

யாருடன் உண்பது, யார் சமைத்ததை உண்பது என்னும் பிரச்சினை இலங்கையில் மிசன் விடுதிகளிலே மீண்டும் தலைகாட்டிற்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் விடுதிப் பாடசாலைகளைத் தொடங்கியபோது, கிறித்தவர் வளவிலே சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சைவப் பெற்றார் தடுத்தனர். ஆகவே அயலிலுள்ள சைவர் ஒருவரின் காணியில் அடுக்களை அமைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டியதாயிற்று. படிப்பு மிசன் வளவில், சாப்பாடு வேலிக்கு அப்பால்! 1823 முதல் 1855 வரை வட்டுக்கோட்டையில் நடந்த செமினரி இவ்விடுதிக் கல்வியின் உச்சம். அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய பெருமகனும் அவரே. மிசன் பாடசாலையிலே படித்து, இந்து இளைஞர் மலரிலே எழுதும் எனக்கு இவ்வரலாற்றைச் சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை. மதமாற்றம் அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்று என்பது உண்மை. மணியடித்தால் எழும்புவதும், விளக்கணைந்தால் உறங்குவதும், பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூடத்திலே கிடப்பதும் நம்மவர் பலருக்கு அவர்களிடமிருந்தே பழக்கமாயின என்பதும் உண்மை. சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின்னர் துறவியாகி, இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளையும், அவற்றோடு நமது திருகோணமலை இந்துக் கல்லூரியையும் நடத்தினார். கற்றதை நமக்கு ஏற்றவாறு ஆக்கிக்கொண்ட பெரியார் அவர்.

இனிப் பேராதனைக்கு வருவோம். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கிளர்ச்சியை ஒழுங்காக நடத்திய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் 1906இல் எழுந்தது. அதற்கு உயிர்நாடியாக இருந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலே படித்தவர். அங்கு மாணவர் தத்தம் கல்லூரியிலேயே குடியிருந்து, ஆசிரியரோடு ஒரே கூடத்தில் உண்டு, மூத்தோரிடமிருந்து இளையோர் பழகிக் கற்பர். 1921இல் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் இடமாகவே இருந்தது. அருணாசலம் 1924இல் மறைந்தார். அதன்பின் எழுந்தது இடச்சண்டை. கொழும்பிலேயே பல்கலைக்கழகத்தை வைத்தாற் பிள்ளைகள் வீட்டிலிருந்து போய்வரலாம், செலவும் குறையும் என்றனர் ஒரு சாரார். நகரத்து இரைச்சலுக்கு அப்பால், மாணவரும் ஆசிரியரும் கூடிவாழும் வதிவிடப் பல்கலைக்கழகமே வேண்டும் என்றனர் மற்றையோர். பத்திரிகை அதிபர் டீ. ஆர். விஜேவர்த்தனாவும் நீதியரசர் எம். ரி. அக்பரும் இரண்டாம் கட்சியினர். இடம் எது என்று வழக்காடியவர்கள் உண்மையில் விடுதி வேண்டுமா வேண்டாமா என்றே வழக்காடினர் என்பது என் கருத்து. கண்டிப் பகுதியில் வேறு இடங்களும் ஆராயப்பட்டு, ஈற்றில் 1938இல் பேராதனை முடிவாயிற்று.

சட்டப்படி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1942 சூலை முதலாந் திகதி. அதே ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி நமது துறைமுகத்தின்மீது யப்பானியர் குண்டு வீசினர் என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இத்தகைய போர்க்காலத்தில் 904 மாணவருடன் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அவரும் கேம்பிரிட்ஜ் மாணவரே. மாணவர் ஒவ்வொருவரும் விடுதியில் வாழ்தல் வேண்டும், அவ்வாழ்வே பாதிப் படிப்பு என்பது அவர் கொள்கை. மகாவலி கங்கையின் இருமருங்கும் சேர் பற்றிக் அபர்குறொம்பி முதலியோர் வகுத்த திட்டத்துக்கமைய, சேர்லி டி அல்விஸ் என்னும் கட்டடக் கலைஞர் மலைச்சரிவுக்கேற்ற கட்டடங்களை எழுப்பினார். தம் வேலை முற்றுப்பெறுமுன் 1952இல் அவர் காலமானார். அவ்வாண்டு ஒக்டோபரிலேதான் பெருந்தொகையான மாணவர் கொழும்பை விட்டுப் பேராதனைக்குக் குடிபெயர்ந்தனர். 1954 ஏப்ரில் 20ஆந் திகதி எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததை எப்படித் திறப்பது என்று அவர் பகிடியாகப் பேசியதை இன்றும் சொல்லிச் சிரிப்பர்.

விடுதிகளுக்கு இட்ட பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அருணாசலம், ஜயதிலக்க, இராமநாதன், மார்ஸ், ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ, விஜேவர்த்தன, அக்பர், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தை. தமிழர், சிங்களவர், முஸ்லிம், ஆங்கிலேயர் எல்லாரும் இருக்கின்றனர். அருணாசலத்துடன் 1906ஆம் ஆண்டுச் சங்கத்திலே உழைத்த பீரிசும் பெர்னாண்டோவும் சுவர்ப்பெயராய் இன்றும் அவருக்கு அயலவர். மார்ஸ் என்பார் கொழும்புக் கல்லூரியின் முதல் அதிபர். ஆனால் தமிழன் பெயரிட்ட விடுதி தமிழனுக்கென்றோ, அக்பர் விடுதி முஸ்லிம்களுக்கென்றோ ஒருநாளும் வைக்கப்படவில்லை. எல்லா இனத்தவரும் எல்லா விடுதியிலும் கலந்திருத்தலே அமைப்பின் நோக்கம். வழிபாட்டுக்கு வேறு வேறு இடங்கள் உண்டு: பௌத்த விகாரை, பள்ளிவாசல், கிறித்தவ ஆலயங்கள், நமக்குக் குறிஞ்சிக் குமரன். மலையுச்சியிலே இந்து மாணவரின் முயற்சியால் எழுந்த அக்கோயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திராது. சாமி கும்பிடப் பிரிந்து போய், சாப்பிடக் கூடி வருவது அவ்விடத்து ஏற்பாடு. வட்டுக்கோட்டைக் காலத்தில் இருந்த வேலி இங்கே பிடுங்கப்பட்டது எனலாம்.

ஆகவே இரண்டு கலப்புக்கள் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன. ஒன்று இனங்களின் கலப்பு. மற்றது ஆண்டுகளின் கலப்பு. முதலாண்டு மாணவனும் இறுதியாண்டு மாணவனும் ஒரே நடைபாதையில் அயலறைகளில் இருப்பர். மூத்தவனைப் பார்த்து இளையவன் வாசிக்கவும் பேசவும் நடக்கவும் கற்பான். விடுதிக் காப்பாளராக ஓர் ஆசிரியர் அங்கேயே குடியிருப்பார். முதலிலே அறைக்கு ஒருவர் என்ற வசதியும் இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் வளர்ந்து வந்தனர். 1960இல் தாய்மொழி மூலம் கற்ற கலைப்பீட மாணவர் முதன்முறையாகப் புகுந்தனர். அதற்குப்பின் அறைக்கு இருவர், மூவர் என்றாயிற்று. இடம் போதாமல் வெளியே வாடகை அறை தேடியவர் பலர். இதை ஒரு வீழ்ச்சியாக வருணிக்கும் பழைய மாணவர் சிலர் உளர். அவர்களோடு நான் உடன்படேன். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஒரு கமக்காரன் பிள்ளை உள்ளே வரக் கதவு திறந்ததும் அப்போதுதானே! ஆனால் ஒரு நட்டம் உண்மை: முன்பு ஆங்கிலம் என்னும் ஒரே மொழியிற் பேசிக்கொண்ட அயலறையார், இப்போது சிங்களம், தமிழ் என்று வேறு வேறு விரிவுரைக்குச் சென்று, வேறு வேறு மேசையில் உண்டனர். ஒரே கூரையின்கீழ் இரண்டு விடுதிகள் உண்டாயின.

ஆண்டுகளின் கலப்பு இதனினும் மோசமாகக் கெட்டது. 'பகிடி' என்பது நம் ஊரிலே இனிய சொல். மைத்துனன் மைத்துனனைச் செய்வது பகிடி. புதுமுக மாணவனின் கூச்சம் தெளிய மூத்தவர்கள் சில நாள் செய்த கேலிக்கும் அதே பெயர். அச்சொல்லோடு 'வதை' என்னும் சொல்லும் ஒட்டிப் பகிடிவதை ஆயிற்று. அவ்வொட்டுக்குப் பின்னாலுள்ள கதை இரத்தக்கதை. 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில், விவசாய பீடத்து மாணவி ஒருத்தி வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து முதுகெலும்பு முறிந்து, பின் எழுந்து நடக்க இயலாதவளானாள். பெண்கல்விக்காக மருதனார்மடத்திலே 1913இல் கல்லூரி கட்டிய இராமநாதனின் பெயர் பொறித்த கட்டடத்திலா இது நடக்கவேண்டும்? 1997இல் பொறியியற் பீடத்து முதலாண்டுத் தமிழ் மாணவன் ஒருவன், கொடிய உடற்பயிற்சிகளைச் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அவ்வழக்கிற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவனும் தமிழனே. 'நம்மவரோடு இருந்தால் நல்லது' என்று சொல்லும் பெரியோர் இதைச் சற்றே நின்று எண்ணவேண்டும். தமிழ் மாணவரைத் தமிழ் மூத்தவரும் சிங்கள மாணவரைச் சிங்கள மூத்தவரும் வதைப்பதே அங்குப் பொதுவழக்கு. புதியவனைத் தேடி முதலில் வருபவன் அவன் ஊரானே. அடுத்த ஆண்டு 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், பாலியற் தொல்லையோ கடுங்காயமோ விளைத்தாற் பத்தாண்டு வரையும் மறியல் என்று அது விதிக்கின்றது. சட்டம் இருக்கின்றது, நடைபாதையில் இரவு 11 மணிக்குச் சட்டம் நிற்பதில்லை.

இனக்கலப்பு உடைந்ததையும் சொல்லியாகவேண்டும். 1983 மே மாதத்தில் பேராதனை விடுதிகளிலே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு, பலர் உடுத்த உடையோடு வெளியேறினர். இரண்டு மாதம் கழித்து நாடே எரிந்தது. அவர்களிற் பலர் மீண்டும் பேராதனைக்குப் போக மனமின்றி யாழ்ப்பாணத்திலே படிப்பைத் தொடர்ந்தனர். 1974இல், சேர் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவிலே தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் அப்போது முழுப் பல்கலைக்கழகமாகியிருந்தது. தம் அறைக் கதவைத் தட்டியவர் அயலறைக்காரரே என்பதை அத்தலைமுறையினர் மறக்கவில்லை; மறக்கச் சொல்ல எனக்கு வயதுமில்லை, உரிமையுமில்லை. ஆனால் வரலாறு எழுதப் புகுந்தவன் ஒரு கண்ணை மூடலாகாது. 2016 சூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவரை வரவேற்கும் விழாவிலே கண்டிய நடனம் இடம்பெறுவது பற்றிய பிணக்கு கைகலப்பாகி, சிங்கள மாணவர் சில நாட்களுக்கு ஊர்திரும்ப நேர்ந்தது. அளவில் இரண்டும் ஒன்றல்ல. எனினும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைக்கு அளவு தெரியாது.

இத்தனையும் கண்டபின் இன்று இரண்டு யோசனைகள் கேட்கின்றன. ஒன்று, முதலாண்டு மாணவரைத் தனி விடுதியில் வைத்தல். இதைக் கைக்கொள்ளும் இடங்களும் உள. மூத்தோரிடம் இளையோர் கற்பர் என்ற ஜெனிங்சின் கனவைக் கைவிடுவதே இது. ஆயினும் நான் இதற்குச் சம்மதிப்பேன். கனவுக்காக ஒரு பிள்ளை மாடியிலிருந்து குதிக்கவேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டில் கலந்து வாழப் போதிய காலம் உண்டு. மற்றது, இந்து மாணவருக்கென்று தனி விடுதி கேட்டல். மரக்கறிச் சாப்பாட்டையும் விரத நாட்களையும் அதற்குக் காரணமாகச் சொல்வர். இதற்கு நான் சம்மதியேன். மரக்கறிக்கு வேண்டியது வேறு சட்டி, வேறு கட்டடமன்று. 1997இன் மரணத்தைத் தனி விடுதி தடுத்திராது. விடுதிப் படிவம் எழுதும் தம்பிமாரும் தங்கைமாரும் பெயர்ப்பலகையைப் பாராது, அங்கே காப்பாளர் இரவிலே தங்குகின்றாரா, முதலாண்டினரின் மாடி வேறாக உள்ளதா, முறைப்பாடு செய்தால் யாரிடம் போய்ச் சேரும் என்பவற்றையே விசாரிக்கவேண்டும்.

இன்னொன்று. விடுதி தேடிப் போகும் ஊராக மட்டும் திருகோணமலை இப்போது இல்லை. 1981இல் மட்டக்களப்பிலே தொடங்கி 1986இல் முழுமைபெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 முதல் நம்மிடையே இருக்கின்றது. நிலாவெளி கோணேசபுரியிலுள்ள அவ்வளாகத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். சிங்களம் மட்டும் அறிந்த ஒரு தென்னிலங்கைத் தாயும் தன் வீட்டிலே இருந்துகொண்டு அந்த மூன்று கேள்விகளையே கேட்பாள். விடுதி கிடையாதவர் அயலிலுள்ள வீடுகளில் அறை தேடுகின்றனர். அவ்வீடுகளிற் சில நம் மன்றத்து அங்கத்தவர்களுடையவை. கூடுதல் வாடகை கேளாமலும், வருபவன் எவ்வினத்தவன் என்று பாராமலும் அறை கொடுக்க விரும்புவோரின் பட்டியலொன்றை மன்றச் செயலாளர் தயாரித்து, புதிய மாணவர் வருமுன்னரே வளாகத்தின் மாணவர் நலன் அலுவலகத்திற் கையளிக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.